கோழிக்குப் போட்ட ஊசி

"அப்போ அந்தக் கோழிக்கு வேணும்னே ஊசி போட்டாங்களா?"

"ஆமாம்மா. ஒரு கூண்டுக் கோழிக்கு வைரஸ் ஊசி. இன்னொரு கூண்டுக் கோழிக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டுக்கும் ஒரே தீனி. ஊசி போட்டது மட்டும் கொழுத்துப் போச்சு."

"தீனி ஒண்ணுதானா? நல்லாத் தெரியுமா?"

"ஒரே தீனிதாம்மா."

"நம்ம கடைக் கோழிக்கு ஊசி கீசி எதுவும் கிடையாது அக்கா," என்று கோழிக்கடை முபாரக் அண்ணன் இடையில் புகுந்தார். கத்தி பாதி வழியில் நின்றிருந்தது. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க லா. இன்னிக்குச் சனிக்கிழமை, பின்னால இருபது பேர் நிக்கிறாங்க."

தேக்கா சந்தையில் காலை எட்டு மணி. பிள்ளை பெற்ற என் அண்ணிக்குப் பத்தியக் குழம்பு வைக்க அம்மா ஒரு கம்போங் கோழி, அதாவது நாட்டுக்கோழி, வாங்க வந்திருந்தார். நான் பை தூக்க வந்திருந்தேன். பேச்சு வைரஸுக்குப் போனதற்குக் காரணம், வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண்மணி. அவரை எங்களுக்கு முன்பின் தெரியாது. அவர் திரும்பி என்னை மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டு, "மகளா? ஒடம்பைக் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க," என்றார்.

இப்படி யாராவது கேட்டுவிட்டால் அம்மாவுக்குப் போதும். பூவம்மா என்ற பெயரில் அடையாள அட்டை வைத்திருக்கும் என் தாயார், முன்பின் தெரியாதவர்களிடம் என் எடையின் வரலாற்றைத் தேதிவாரியாகச் சொல்லக்கூடியவர். தொடக்கநிலை இரண்டில் பள்ளி இடைவேளையில் குண்டுப் பிள்ளைகளைத் தனியாகப் பொறுக்கித் திடலைச் சுற்றி ஓடவிட்டது, உயர்நிலையில் கொள்ளு ரசம், தொழிற்கல்லூரியில் கஞ்சி மட்டும், வேலைக்குப் போனதும் உடற்பயிற்சிக்கூடம், அப்புறம் நடந்த அடிகளை எண்ணும் கைக்கடிகாரம், சர்க்கரையும் பாலும் இல்லாத தே ஓ தேநீர். "எல்லாம் பண்ணிப் பாத்துட்டேங்க," என்று முடித்தார், ஓடியதும் குடித்ததும் அவரே என்பது போல. அவர் சொன்னதில் ஒரே ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது. அதையெல்லாம் நான் உண்மையாகவே செய்தேன்.

எனக்கு முப்பத்தொரு வயது. பெயர் சாமுண்டீஸ்வரி. வீட்டில் சாமு. எண்பத்து நான்கு கிலோ. குவீன்ஸ்டவுனில் ஒரு நூலகத்தில் வேலை. அங்கேதான், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கும் நேரத்தில், அந்தக் கட்டுரையைப் படித்தேன். சளியும் கண் சிவப்பும் கொடுக்கிற வைரஸ் கூட்டத்தில் ஒன்று கோழிகளையும் எலிகளையும் கொழுக்க வைத்திருக்கிறதாம். குண்டான மனிதர்கள் பலரின் ரத்தத்தில் அந்த வைரஸ் வந்து போன தடம் இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, அப்படி ஒன்றும் தெரியவில்லை என்று வேறு சில. மனிதர்களைக் கூண்டில் வைத்து ஊசி போட முடியாது என்பதால் யாரும் அடித்துச் சொல்லவில்லை. கட்டுரை இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னது. கோழிக்கடை வரிசையில் அவ்வளவு பொறுமைக்கு இடம் இல்லை. நான் கோழியை மட்டும் சொன்னேன்.

அம்மா யோசித்தார். அவர் யோசிக்கும்போது உதடுகள் உள்ளே போய்விடும்.

"அப்போ அது ஒட்டுமா?"

இந்த இடத்தில் நான் 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண்மணி இன்னும் திரும்பி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சளி ஒட்டும்ல? அந்த மாதிரிதான்," என்றேன்.

பெண்மணி ஓர் அடி பின்வாங்கினார். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. வாழ்நாளில் முதன்முறையாக என் உடம்பைப் பார்த்து ஒருவர் அறிவுரை சொல்வதற்குப் பதிலாகப் பயந்தார். அது எனக்கு இனித்தது. அந்த ஓர் அடிக்காகச் சொன்னதுதான், சத்தியமாக.

வீடு திரும்பும் ரயிலில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அம்மா பூன் லே வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

*

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொவிட் காலத்தில் அவர் பாதுகாப்பு இடைவெளித் தூதராக வேலை பார்த்தார். கழுத்தில் அட்டை, கையில் சிவப்பு வெள்ளை நாடா. தேக்காவில் எட்டுப் பேராக நின்ற குடும்பங்களை நான்கும் நான்குமாகப் பிரித்தவர். வங்கி மேலாளர் ஒருவரை முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றச் சொன்னவர். அவர் வாழ்க்கையில் அவர் சொன்னதை ஊர் கேட்ட காலம் அது ஒன்றுதான். கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது நாடே மூச்சுவிட்டது. அம்மா மட்டும் துக்கம் விசாரிக்கப் போனவர் போல இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மிச்சமிருந்த நாடா இரண்டரைச் சுருள் எங்கள் சமையலறை அலமாரியில், மஞ்சள்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

இருந்தது. அன்று மாலை அது வெளியே வந்தது.

மாலை ஏழு மணி என்பது எங்கள் வீட்டில் என் நேரம். குழந்தை பிறந்து மூன்று வாரம். பகலெல்லாம் நல்ல பிள்ளையாக இருப்பவன், ஏழானால் யாரோ பூட்டிய கதவைத் தட்டுவது போல அழத் தொடங்குவான். மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாம் நாள், எதற்கும் அடங்காமல், கடைசியில் என்னிடம் வந்தான். நான் சோபாவில் சாய்ந்திருந்தேன். வயிற்றின் மேல் குப்புறப் போட்டேன். இரண்டு நிமிடம். தூங்கிவிட்டான். அண்ணி ரோஷினி நம்பாமல் எட்டிப் பார்த்து, "சாமு, உன் வயித்துல என்ன வச்சிருக்க? மெத்தையா?" என்றார். அதற்கப்புறம் தினமும் ஏழிலிருந்து எட்டு வரை நான்தான் மெத்தை. முப்பத்தொரு வருடமாகக் குறைக்கச் சொன்ன வயிற்றுக்கு அந்த வீட்டில் ஒரு வேலை கிடைத்திருந்தது. அவன் மூச்சு விடும்போது என் வயிறு மேலும் கீழும் போகும், நான் மூச்சு விடும்போது அவன் போவான். ஒரு கையில் புத்தகம் இருக்கும். ஒரு பக்கம்கூடத் திருப்பியது இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு முப்பதாம் நாள். பெயர் வைக்கும் நாள். எங்கள் வழக்கத்தில் பிள்ளையின் அப்பாவுக்குத் தங்கை, அதாவது நான்தான், குழந்தையை மடியில் வாங்கி, வெற்றிலையைக் குழல் போலச் சுருட்டிக் காதில் வைத்து, மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். அத்தை சொல்லித்தான் ஒருவனுக்குத் தன் பெயர் தெரியும். நான் சிராங்கூன் ரோட்டில் போய் வெள்ளி அரைஞாண் வாங்கி வைத்தாயிற்று. பெயர் ரித்திக். அண்ணியும் எண்கணிதமும் சேர்ந்து முடிவு செய்தது. பொங்கோலில் ஒரு விளையாட்டுத் திடலில் நின்று ரித்திக் என்று கூப்பிட்டால் பதினாலு பேர் திரும்புவார்கள். எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் நூலகத்தில் புத்தக அலமாரிகளுக்கு நடுவில் யாரும் இல்லாதபோது அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எந்தச் சத்தத்தில் சொன்னால் அவன் பயப்பட மாட்டான் என்று.

அன்று ஏழு மணிக்கு அழுகை தொடங்கியது. நான் கையைக் கழுவிக்கொண்டு அண்ணியின் அறை வாசலுக்குப் போனேன். வாசலில் அம்மா நின்றார்.

"இன்னிக்கு வேணாம்."

"ஏன்?"

"ஒரு ஏழு நாள் பாப்போம்."

"என்னத்தைப் பாப்போம்?"

அம்மா பதிலுக்குக் காலடியைக் காட்டினார். அறை வாசலுக்கு ஒரு மீட்டர் இந்தப்பக்கம் தரையில் சிவப்பு வெள்ளை நாடா. மூலைகள் கூட ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தன. கைப்பழக்கம் போகவில்லை.

*

அண்ணன் ரகுபதி படித்தவன். கப்பல் பட்டறை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. அவன் வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். அவன் வரும்போது கையில் இரண்டு முட்டை பிராட்டா பொட்டலம். சாப்பிட்டுக்கொண்டே முழுக்கதையையும் கேட்டான். கேட்டு முடித்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அதான் பாத்தேன்," என்றான்.

"என்ன பாத்த?"

"கல்யாணத்துக்கு அப்புறம் எனக்குப் பதினோரு கிலோ ஏறியிருக்கு லா. நான் என்ன அவ்வளவா சாப்பிடுறேன்?"

மேசையில் பிராட்டா இருந்தது. அதைத் தொட்டுக்கொள்ள மீன் குழம்பும், அது போதாமல் சர்க்கரையும் இருந்தன.

"அண்ணே, நான் சும்மா சொன்னேன். ஒட்டாது. ஒட்டுறதா இருந்தாலும் அது எப்பவோ சளி மாதிரி வந்து போயிருக்கும்."

"காலையில ஒட்டும்ன, இப்ப ஒட்டாதுன்ற. எது official?" அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "சாமு, தப்பா எடுத்துக்காத. எங்க யார்டுல கேஸ் கசியுதான்னு தெரியலைன்னா என்ன பண்ணுவோம்? முதல்ல ஏரியாவ மூடுவோம். அப்புறம்தான் விசாரணை. Just to be safe லா."

முப்பத்தொரு வருடமாக என் எடைக்குக் காரணம் என் சோம்பேறித்தனம். அப்போதெல்லாம் எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள், பக்கத்தில் உட்கார்ந்து என் தட்டைப் பார்த்தார்கள். இப்போது அது என் தவறு இல்லை என்று தெரிந்துவிட்டது. உடனே எனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். தம்ளரின் அடியில் அம்மா நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தார். நல்ல சிவப்பு. எனக்குப் பிடித்த நிறம்தான்.

நாவல்களில் காசநோய் வந்தவர்களுக்கு எவ்வளவு மரியாதை. மலை உச்சியில் பெரிய விடுதி, பால்கனியில் சாய்வு நாற்காலி, காலுக்குக் கம்பளி, பக்கத்து நாற்காலியில் தத்துவம் பேச ஒரு வெளிறிய இளைஞன். எனக்குக் கிடைத்தது ஈரத்துணி காயும் பால்கனியும், துணிகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும். பனிமலைக்குப் பதிலாக எதிர் அடுக்குமாடி புளோக்கின் குளிரூட்டிகள். அங்கே உட்கார்ந்து ஏழிலிருந்து எட்டு வரை அவன் அழுவதைக் கேட்டேன்.

அண்ணன் ஒருநாள் முயன்றான். சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து, குழந்தையை வயிற்றில் போட்டுப் பார்த்தான். அவனுக்கும் வயிறு இருக்கிறது, ஆனால் கெட்டியான வயிறு. குழந்தை இன்னும் சத்தமாக அழுதான்.

திங்கட்கிழமைக்குள் செய்தி குடும்பத்தின் வாட்ஸாப் குழுவுக்குப் போய்விட்டது. அம்மா மூன்றே வரியில் எழுதியிருந்தார், அரசாங்க அறிவிப்பு போல. அடுத்த அரை மணி நேரத்தில் சொந்தக்காரர்கள் தொடர்புத் தடமறியும் பணியைத் தாங்களே தொடங்கினார்கள். ஈஷூனில் இருக்கும் சித்தி, போன தீபாவளிக்கு என் பக்கத்தில் உட்கார்ந்ததிலிருந்துதான் தன் ரவிக்கைகள் இறுக்கமானதாக நினைவுகூர்ந்தார். ஒரு மாமா, என் கையால் வாங்கிச் சாப்பிட்ட கேசரியைச் சந்தேகித்தார். கேசரியில் இருந்த நெய்யை அவர் சந்தேகிக்கவில்லை. இரண்டே நாளில் எங்கள் சொந்தத்தில் சாப்பிட்டுக் குண்டானவர்கள் யாருமே இல்லாமல் போனார்கள். எல்லாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டவர்கள்.

ஒரே ஒருவரிடம்தான் என்னால் கோபப்பட முடியவில்லை. செவ்வாய்க்கிழமை சமையலறையில் அண்ணி தனியாக இருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். சமையலறை வாசலிலும் நாடா வந்திருந்தது, நான் அதற்கு வெளியே நின்றேன்.

"அண்ணி, நீங்க நம்புறீங்களா?"

அவர் பால் புட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார். "நம்பல சாமு. ஆனா எங்கம்மா வீட்டுல எல்லாருக்கும் சுகர். டெலிவரிக்கு முன்னாடி எனக்கும் வந்துச்சு. இவனுக்கும் வந்துரும்னு தினமும் பயம். உங்கம்மா வந்து இப்படிச் சொன்னதும்..." குழாயை மூடினார். "ஒரு டாக்டர் எழுத்துல குடுத்தா மனசு கேக்கும். வேற ஒண்ணுமில்ல."

அது நியாயமாகத்தான் பட்டது.

*

எங்கள் புளோக்குக்குக் கீழே கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஆஸ்மா என்னைப் பார்த்ததும் பேனாவைத் திறந்தார். "என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல டாக்டர். ஒண்ணும் பண்ணலைன்னு எழுதித் தரணும்."

முழுவதும் கேட்டார். நடுவில் இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரிப்பில்.

"இருபது வருஷமா எம்சி, லீவுச் சீட்டு எழுதுறேன். இல்லாத வியாதி இருக்குன்னு எழுதச் சொல்லி ஆயிரம் பேர் வந்திருக்காங்க. இல்லாத வியாதி இல்லைன்னு எழுதச் சொல்லி நீங்கதான் முதல் ஆள்."

"அந்த வைரஸ் எனக்கு வந்துச்சா இல்லையான்னு பாக்க முடியாதா?"

"பாத்து என்ன செய்யப் போறீங்க? சாதாரண கிளினிக்குல அந்த டெஸ்டெல்லாம் எடுக்கறதும் இல்ல. வந்திருந்தா சளி மாதிரி வந்து எப்பவோ போயிருக்கும். ரத்தத்துல தடம் கிடைச்சாலும் அது பழைய தடம். அதனாலதான் எடை ஏறுச்சான்னு இன்னும் யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியும், எண்பத்து நாலு கிலோ யாருக்கும் ஒட்டாது." அவர் முன்னால் சாய்ந்தார். "பச்சப் பிள்ளைகிட்ட யாரு போகக்கூடாது தெரியுமா? மூக்கு ஒழுகுறவங்க, கண்ணு சிவந்தவங்க. அவங்களத்தான் நிறுத்தணும். இதை வீட்ல சொல்லுங்க."

எழுதிக் கொடுத்தார். தொற்றுக்கான அறிகுறி ஏதும் இல்லை, குழந்தையைத் தூக்கத் தடை இல்லை என்று இரண்டு வரி. கையெழுத்து, முத்திரை. குண்டாக இருப்பவர் குழந்தையைத் தூக்கலாம் என்று முத்திரை போட்ட காகிதம் இந்தத் தீவில் இது ஒன்றாகத்தான் இருக்கும். மின்தூக்கியில் அதை மூன்று முறை படித்தேன்.

அம்மா அதைக் கையில் வாங்கவில்லை. மேசையில் வைக்கச் சொல்லி, தூரத்திலிருந்து படித்தார்.

"யாரு, கீழ இருக்கிற ஆஸ்மா டாக்டரா?"

"ஆமா."

"அவங்களே உன் சைஸுதான். ஒரே கட்சி."

"அம்மா, அவங்க டாக்டர்!"

"டாக்டருக்கு வராதா? கொவிட் வரல?" அம்மா காகிதத்தின் மேல் சர்க்கரை டப்பாவை வைத்தார். "நான் என்ன உன்னைத் திட்டினனா? இத்தன வருஷம் திட்டினதுக்கே வருத்தமா இருக்கு. உன் தப்பு இல்லன்னு இப்ப தெரிஞ்சு போச்சு. ஒரு சடங்குதானே, வித்யா பண்ணட்டும். அவளும் அத்தை முறைதான்."

வித்யா என் பெரியம்மா மகள். ஒரு உடற்பயிற்சிக்கூடத்தில் பயிற்றுநர். நாற்பத்தாறு கிலோ. தொலைபேசியில் அவள் சம்மதித்தபோது அம்மாவின் குரலில் இருந்த நிம்மதியை நான் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டேன்.

அண்ணி அந்தக் காகிதத்தைப் படித்தாரா என்று தெரியவில்லை. மறுநாள் காலை சர்க்கரை டப்பா வேறு இடத்தில் இருந்தது. காகிதம் நான்காக மடித்து, என் புத்தகத்துக்குள் இருந்தது.

*

ஞாயிறு. வீடு கழுவி, வாசலில் மாவிலை கட்டி, கூடத்தில் தொட்டில் வைத்திருந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில், காலணி அலமாரியை ஒட்டி ஒரு நாற்காலி. அதன் முதுகில் நாடாவால் ஒரு பெருக்கல் குறி, முன்னால் தரையில் ஒரு கோடு. என் இடம்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். வாசலிலேயே என்னைப் பார்த்து, கையைத் தூக்கித் தூரத்திலிருந்து புன்னகைத்தார்கள், விமான நிலையத்தில் வழியனுப்புவது போல.

"பாவம்," என்றார் ஈஷூன் சித்தி, எனக்குக் கேட்கும் குரலில். "வியாதின்னு தெரியாம எத்தன வருஷம் அந்தப் பிள்ளையச் சாப்பிடாத சாப்பிடாதன்னு சொல்லியிருக்கோம்."

"சாப்பிடட்டும், சாப்பிடட்டும்," என்றார் கேசரி மாமா.

அன்று என் தட்டில் இருந்த வடைகளை யாரும் எண்ணவில்லை. மூன்றாவது வடையை எடுத்தபோது ஒரு கண்கூடத் திரும்பவில்லை. இதற்காகத்தான் நான் சின்ன வயதிலிருந்து ஏங்கினேன். கடிக்காமலேயே வடையைத் தட்டில் வைத்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு வித்யா வந்தாள். பச்சைப் பட்டு, இடுப்பில் ஒட்டியாணம், முகத்தில் கறுப்புக் கண்ணாடி. எல்லாரும் எழுந்து வழிவிட்டார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். இடது கண் குங்குமம் போலச் சிவந்திருந்தது.

"என்னடி கண்ணு?" என்றார் பெரியம்மா.

"புது மஸ்காரா லா, ஒத்துக்கல," என்று மூக்கை உறிஞ்சினாள். "சைனஸ் வேற. ஜிம்ல aircon-ஐக் கொறைக்கவே மாட்டேன்றாங்க."

தும்மினாள். ஒரு முறை, இரண்டு முறை. நாகரிகமாக, முழங்கைக்குள்.

யாரும் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. அம்மா, தேக்காவையே பிரித்து நிறுத்திய என் அம்மா, அவளுக்குப் பாயில் இடம் தட்டிக் கொடுத்து, "ஒரு கசாயம் போட்டுத் தரவாம்மா?" என்றார்.

"அம்மா," என்றேன். "அவளுக்குச் சளி."

கூடம் திரும்பியது.

"சளி, கண்ணு சிவப்பு. நான் சொன்ன அந்த வைரஸ் இப்படித்தாம்மா வரும். டாக்டர் யாரைக் கிட்ட விடக்கூடாதுன்னு சொன்னாங்களோ, அது இவதான்."

"சாமுக்கா, please," என்றாள் வித்யா. "நான் வாரத்துக்கு ஆறு நாள் workout பண்றேன்."

"சும்மா சளி," என்றார் அம்மா. "சளி யாருக்குத்தான் வராது? அவளப் பாரு, எப்படி இருக்கா. அவகிட்ட என்ன வைரஸ் இருக்கப் போகுது?"

பல தலைகள் ஆடின. நாற்பத்தாறு கிலோவை விட உறுதியான மருத்துவச் சான்றிதழ் எது?

அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "நல்ல நேரம் போகுது. வித்யா, உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அண்ணி குழந்தையைக் கொண்டுவந்தார். மொட்டைத் தலையில் சந்தனம். ஏழு மணிக்காரன் அன்று பதினோரு மணிக்கே தொடங்கிவிட்டான். வித்யாவின் மடியில் இறங்கியதும் வில் போல வளைந்து கத்தினான். ஒட்டியாணம் குத்தியிருக்க வேண்டும். அவள் அவனை நிமிர்த்த முயன்றாள், முடியவில்லை. வெற்றிலையைச் சுருட்டினாள். அவன் காதருகே குனிந்தாள். குனிந்தவள், வாய் திறக்கும் முன்பே, மூச்சை இழுத்து அப்படியே நிறுத்தினாள். தும்மல் வருவதற்கு முன்னால் வரும் அந்த முகம்.

அண்ணியின் கைகள் என் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் போய்வந்தன. வித்யா காலி மடியில் தும்மினாள். வெற்றிலை பறந்து தொட்டிலுக்கு அடியில் போனது.

"என்ன ரோஷினி?" என்றார் அம்மா.

அண்ணி குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி கூடத்தின் நடுவில் நின்றார். வித்யாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அப்புறம் காலணி அலமாரிப் பக்கம் பார்த்தார். பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டார், மறுபடி பார்த்தார். குழந்தையின் முகம் அழுது அழுது கறுத்திருந்தது. அழுகைக்கு நடுவில் மூச்சு எடுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போனது.

நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து காலணிகள் மேல் விழுந்தது. பைக்குள் அரைஞாண் இருந்தது, காகிதம் இருந்தது, இந்த எட்டு நாளும் பால்கனியில் உட்கார்ந்து சேர்த்து வைத்த வாக்கியங்களும் இருந்தன, ஒவ்வொன்றும் நன்றாகத் தீட்டியவை. எதையும் எடுக்கவில்லை. தரையிலிருந்த நாடாவைத் தாண்டவும் இல்லை. அதன் விளிம்பில் கால்விரல்களை வைத்து நின்று, இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"மாஸ்க் போட்டுக்கறேன், அண்ணி. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பேரைச் சொல்றேன். அவனை ஒரே ஒரு தடவை என்கிட்ட குடுங்க."